பரமார்த்த குருவைப் படைத்த முனிவர்

1711ஆம் ஆண்டு மலையகத்துக் கத்தோலிக்கராகிய நமக்கு இரு வகையில் நினைக்கத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டு ஜனவரி 16ஆம் நாள் புனித யோசப் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். கோவாவிலிருந்து வந்து, தமிழும் சிங்களமும் கற்று, மலைநாட்டின் காட்டுவழிகளில் கால்நடையாக நடந்து விசுவாசத்தைக் காத்தவர் அவர். அதே ஆண்டில், அதே கோவா வழியாக, இத்தாலியர் ஒருவர் தமிழகத்து மறைப்பணிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர்.

அவர் வீரமாமுனிவர் என்பதை நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். தேம்பாவணி பாடிய புலவராகவும், அகராதி தொகுத்த அறிஞராகவும் அவரை நம் பிள்ளைகள் பாடநூல்களில் சந்திக்கிறார்கள். அந்தப் பெருமைகளை அறிந்தவர்களும் அவரைச் சிரிக்கவைத்த மனிதராக நினைப்பதில்லை. ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று அஞ்சி நின்ற ஒரு குருவையும் ஐந்து சீடர்களையும் நமக்குத் தந்தவர் அவரே.

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். 1680 நவம்பர் 8ஆம் நாள், இத்தாலியின் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இளைஞரின் பாதுகாவலராகிய புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் இவ்வூரிலேதான். 1698இல் இயேசு சபையில் சேர்ந்த பெஸ்கி, 1710இல் கோவாவுக்குக் கப்பலில் வந்தார். புனித அருளானந்தர் ஓரியூரில் வெட்டுண்டு இறந்து அப்போது இருபது ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. மதுரை மிஷனுக்குப் போவதென்றால் என்ன நேரலாம் என்பது புறப்படும்போதே தெரிந்திருந்தது.

வந்தவர் முதலில் தம் பெயரைத் தமிழாக்கினார். தைரியநாதர் என்பதே அப்பெயர். வீரமாமுனிவர் என்று உலகம் அழைத்தது பின்னர். காவி உடுத்தித் துறவியின் கோலத்தில் வாழ்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் பாடம் கேட்டதாக மரபு கூறுகிறது. கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும், கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் ஆலயம் எழுப்பினார். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன.

எழுத்தைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அக்கால ஓலைகளில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காண்பது கடினம். குறிலின் தலைமேல் புள்ளி இடவேண்டும் என்பது விதி. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலோர் அதனை இடாமலே விட்டனர். படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்ளவேண்டிய நிலை. நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பை அமைத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். தேயிலைத் தோட்டம் என்று உங்கள் பிள்ளை கொப்பியில் எழுதும்போது முதற்சொல்லின் தொடக்கத்திலும் அடுத்த சொல்லின் தொடக்கத்திலும் அவருடைய கொம்புகளே நிற்கின்றன.

இனிக் கதைக்கு வருவோம். தமிழில் இரண்டு நடைகள் உண்டென்பதை வீரமாமுனிவர் வந்த சில காலத்திலேயே கண்டுகொண்டார். புலவரின் செந்தமிழ் ஒன்று. சந்தையிலும் வயலிலும் ஒலித்த பேச்சுத் தமிழ் மற்றொன்று. அதனைக் கொடுந்தமிழ் என்றனர். அக்காலப் புலவர் எவரும் அதற்கு இலக்கணம் வகுக்க முன்வந்திலர். முனிவர் முன்வந்தார். அந்த இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையார். முனிவர் கடுமையாக எதிர்த்து எழுதிய அதே சபையார். எதிராளியின் இலக்கணமும் அவர்களுக்குத் தேவைப்பட்டது போலும்!

இந்தப் பேச்சுத் தமிழைக் கற்போர் படித்துப் பழகுவதற்கு ஏற்றதாக அவர் எழுதியதே பரமார்த்த குருவின் கதை. தமிழ் உரைநடைக் கதைகளின் முன்னோடி என்று இன்று அதனைப் போற்றுகிறோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களுக்கு ஏற்ற குரு. வழிப்பயணத்தில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து என்று குரு அஞ்சுகிறார். சுருட்டுப் பற்றவைத்த கொள்ளியோடு ஒரு சீடன் போய் அதைத் தண்ணீரில் வைக்கிறான். சுரீரென்று சீறிப் புகை கிளம்புகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று அலறி ஓடிவருகிறான். பிறகு அதே கொள்ளியை, அணைந்துபோனதை, மீண்டும் தோய்க்கிறார்கள். சத்தமில்லை. ஆறு உறங்கிவிட்டதென்று அடிமேல் அடிவைத்துக் கடக்கிறார்கள்.

மழைக்காலத்தில் மஸ்கெலியா ஓயாவையும் கொத்மலை ஓயாவையும் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் முற்றிலும் மூடத்தனமாகத் தோன்றாது. நம் ஆறுகளும் உறங்கும், திடீரென விழிக்கும். சிரித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை அந்த இடத்தில் ஒரு கணம் ஆற்றை நினைத்துக்கொள்ளும்.

கரையேறியபின் சீடன் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆறு பேர் வந்தோம், ஐவர்தான் இருக்கிறோம், ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் மார்பிலடித்து அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வருகிறான். காணாமற்போனவரை மந்திரத்தால் மீட்டுத் தருகிறேன் என்று காசு பேசிக்கொள்கிறான். ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி. அடிபட்டவர் தம் பெயரைத் தாமே சொல்லவேண்டும். ஒன்று, இரண்டு என்று போய் ஆறு வந்துவிடுகிறது. அடியும் வாங்கி, காசும் கொடுத்து, நன்றியும் சொல்லிப் போகிறார்கள்.

வாசகர்களே, இந்தக் கதையை வேறு எங்கு படிப்பவரும் வெறுமனே சிரித்துவிட்டுப் போகலாம். நம்மால் அப்படிப் போக இயலுமா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, கண்ணெதிரே கொழுந்துக் கூடையோடு நின்ற நம் முன்னோரை இந்நாட்டின் கணக்கு எண்ணாமல் விட்டது. 1964இல் எண்ணினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் எந்தப் பக்கமும் சேராமல் பத்தாண்டுகள் காத்திருந்தனர். 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியோருக்கு வழிவிட்ட சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. கதையில் எண்ணுகிறவன் தன்னையே மறந்தான், அது பேதைமை. எதிரே நிற்பவரை மறப்பதற்கு வேறு பெயர் உண்டு. ஆயினும் இரண்டிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது: கணக்கில் சேர்வதற்கு அடியும் வாங்கி, பெயரையும் தாமே உரக்கச் சொல்லவேண்டியிருந்தது.

வீரமாமுனிவர் நம்மை நினைத்து இதனை எழுதவில்லை என்பது வெளிப்படை. அவர் இறந்து நூறாண்டு கழிவதற்குச் சற்று முன்பின்னாகத்தான் திருச்சி, சேலம், இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து நம்மவர் கோப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியாக நடந்து வந்தனர். தேயிலை அதற்கும் பிந்தியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் அதைப் பயிரிட்டது 1867இல். மூட்டையில் இடமில்லாதவர்கள் கதைகளை மனத்தில் சுமந்துவந்தனர். ஒரே அறையில் குடும்பமெல்லாம் ஒடுங்கிய லயத்தில், புத்தகம் வைக்கப் பலகையும் இல்லாத வீட்டில், அந்தியில் சொல்லப்பட்ட கதையே பிள்ளைகளுக்கு இலக்கியம். தேம்பாவணி அங்கு ஏறிவரவில்லை. மடையனும் மூடனும் எளிதாக ஏறிவந்தார்கள்.

இக்கதை பிற சமயத்து மடங்களைப் பழிக்க எழுதப்பட்டது என்று கருதுவோர் உளர். அக்காலத்துச் சமய வாதங்களின் சூட்டை எண்ணினால் அக்கருத்தை அடியோடு தள்ளவும் இயலாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அதை எழுதியவரே காவி உடுத்தியவர்; அவரே குரு என வணங்கப்பட்டவர்; உபதேசியார்களும் சீடர்களும் சூழ வாழ்ந்தவர். குருவைப் பார்த்துச் சிரிக்கும் கதையை ஒரு குருவே எழுதினால், அந்தச் சிரிப்பு தம்மேலும் விழும் என்பதை அவர் அறியாதவராக இருந்திருக்க முடியாது. தன்னை விட்டுவிட்டு எண்ணிய சீடனைப் படைத்தவர், எண்ணும்போது தம்மையும் சேர்த்தே எண்ணினார் என்றே நான் கொள்கிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இவை யாருடைய கதைகள்? தம்மை மறந்து எண்ணும் மூடர்களின் கதை ஐரோப்பிய நாட்டுப்புறங்களிலும் வழங்குகிறது. நம் ஊர்களிலும் வழங்குகிறது. இத்தாலியில் கேட்டதும் கொள்ளிடக் கரையில் கேட்டதும் அவர் நெஞ்சில் கலந்திருக்கலாம். சுருட்டும் ஓலையும் ஐயனார் கோயில் மண்குதிரையும் மட்டும் சந்தேகமின்றி இம்மண்ணுக்குரியவை. கேட்ட காது அவ்வளவு கூர்மையானது.

1747 பெப்ரவரி 4ஆம் நாள், கேரளத்து அம்பலக்காட்டில் வீரமாமுனிவர் இறந்தார். இத்தாலிக்கு அவர் திரும்பவில்லை. 1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. பரமார்த்த குருவோ அவர் கண்மூடி எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே அச்சைக் கண்டார். பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் லண்டனில் பதிப்பித்தார். நான்காண்டுகள் கழித்து, துபுவா என்னும் குருவானவர் அதனைப் பிரெஞ்சில் வெளியிட்டார்.

அந்தப் பதிப்புகளைக் கண்ணால் காணாத பாட்டிமார் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அக்கதையைச் சொல்லியிருக்கிறார்கள். இன்று தொலைக்காட்சியும் கைபேசியும் அந்த அந்திப்பொழுதை எடுத்துக்கொண்டன. ஆயினும் உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள். குதிரை முட்டை என்று பூசணிக்காயை விலைகொடுத்து வாங்கிச் சீடர்கள் சுமந்துவருவார்கள். காய் தவறிப் புதரில் விழுந்து உடையும். அங்கே பதுங்கியிருந்த முயல் வெருண்டு பாயும். முட்டைக்குள் இருந்த குதிரைக்குட்டி தப்பியோடுகிறதென்று அவர்கள் அதன்பின்னே ஓடுவார்கள். முயல் பாயும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.