கணக்குப் பிழைத்தால்

அகதியாய் வந்து தேடிய வேலை. அதில் ஓர் எண்ணைப் பிழையாய்ப் பதிந்துவிட்டால், ஸ்ரௌவ்வில்லில் எங்களுக்கு அன்று நித்திரை வராது. அப்போது நாங்கள் சீனிவாச இராமானுஜனை நினைப்பதுண்டு. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்துக்குக் கணக்கு எழுதியவர் அவர்.

1913இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில், முதன்மை எண்கள் பற்றி அவர் உறுதியாய்ச் சொன்ன சூத்திரம் பிழைத்தது. ஹார்டி பிழையைச் சுட்டினார். இராமானுஜன் ஒதுங்கவில்லை, 1914இல் கப்பலேறினார். 1918இல் இருவரும், ஓர் எண்ணை எத்தனை விதமாய்ப் பிரித்துக் கூட்டலாம் என்பதற்குச் சூத்திரம் வெளியிட்டனர். 200க்கு வந்த விடையை, மக்மஹோன் தனியே கணித்த விடையோடு ஒத்துப் பார்த்திருந்தனர். அதே ஆண்டு இராமானுஜன் றோயல் சொசைட்டி உறுப்பினரானார்.

பிழையை மறைத்தால் அது அடுத்த பக்கத்துக்கும் போகும். விடிந்ததும் மேலாளரிடம் நாங்களே சொல்வோம்; இன்னொருவரோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவோம்.