தாதி நைட்டிங்கேல் அம்மையாரின் 90 வருஷ வாழ்க்கை

வருஷா வருஷம் மே மாதம் 12-ம் தேதியை உலகத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். கையில் விளக்கோடு அவர் நிற்கும் படத்தை நம்மில் பலரும் பள்ளிப் புஸ்தகத்தில் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் விளக்குப் பிடித்துக்கொண்டு யுத்த ஆஸ்பத்திரியில் நடந்ததெல்லாம் இரண்டு வருஷத்திற்கும் குறைவு. மீதி எண்பத்தெட்டு வருஷம் என்ன செய்தார் என்று கேட்டால் விழிக்கிறோம். கணக்கும் சரக்குமாகக் காலம் தள்ளும் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு அந்த மீதியில்தான் ருசியான சங்கதிகள் இருக்கின்றன.

அம்மையார் 1820-ல் இத்தாலி தேசத்தில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். குடும்பம் இங்கிலாந்தில் பெருந்தனக்காரக் குடும்பம். இரண்டு பெரிய வீடுகள், வண்டி, வேலைக்காரர்கள் எல்லாம் உண்டு. ஆண் வாரிசு இல்லை. பார்த்தினோப் என்று ஓர் அக்காள் மட்டும். தகப்பனார் இரண்டு பெண்களுக்கும் தாமே உஸ்தாதாக இருந்து கிரேக்கம், லத்தீன், சரித்திரம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். இளையவருக்குக் கணக்கு என்றால் உயிர்.

பதினாறாம் வயதில், 1837-ல், ஆண்டவன் தம்மை ஊழியத்திற்கு அழைக்கிறான் என்று அவர் உள்ளத்தில் பட்டது. என்ன ஊழியம் என்பது விளங்கச் சில வருஷங்கள் ஆயின. 1845-ல், ஆஸ்பத்திரியில் தங்கி நோயாளிகளைப் பார்க்கும் வேலை பழக வேண்டும் என்று வீட்டில் கேட்டார். வீடே இடிந்து விழுந்தது போலாயிற்று. தாயார் அழுதார், அக்காள் மயங்கி விழாத குறை. அவர்களை மட்டும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடித்துவிட்டுக் கிடக்கும் படிக்காத கிழவி என்றே பெயர். ராத்திரியில் அந்நிய ஆண்கள் படுத்திருக்கும் இடத்தில் குமரிப் பெண்ணை விடுவதா என்று பெற்றவர்கள் பயந்தார்கள். இன்றைக்கும் நம்மவர் வீடுகளில், பெண்பிள்ளை தாதி வேலைக்கு மனுப் போடப் போகிறேன் என்றால் உம்மாவும் வாப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள் அல்லவா?

அம்மையார் வீட்டை விட்டு ஓடவுமில்லை, எண்ணத்தை விடவுமில்லை. அதிகாலையில் எழுந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்துக் குறிப்பேடு குறிப்பேடாக எழுதி வைத்தார். நல்ல இடத்து மாப்பிள்ளை ஒருவர் பல வருஷம் காத்திருந்தும் 1849-ல் மறுத்துவிட்டார். 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் வேலை பழகினார். அதையும் ஊராருக்குச் சொல்லக் கூடாது என்பது வீட்டாரின் நிபந்தனை. கடைசியில் 1853-ல் தகப்பனார் மனமிரங்கி, வருஷத்திற்கு 500 பவுன் செலவுக்கு ஏற்பாடு செய்தார். அம்மையார் லண்டனில் ஒரு சிறு ஆஸ்பத்திரியின் தலைவியானார். அப்பொழுது வயது முப்பத்து மூன்று.

அடுத்த வருஷம் ருஷியாவுக்கு எதிராகத் துருக்கியும் பிரான்ஸும் இங்கிலாந்தும் சேர்ந்து கிரிமியாவில் யுத்தம் செய்தன. காயம்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, இஸ்தான்புல் நகரத்திற்கு எதிர்க்கரையில் உஸ்குதார் என்ற இடத்தில் துருக்கி அரசாங்கம் கொடுத்திருந்த சலீமியா பட்டாளக் கொட்டடியில் போட்டார்கள். மந்திரி சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி அம்மையார் 38 பெண்களோடு 1854 நவம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

புறப்படும் முன்பே, அங்கே எல்லாச் சாமானும் இருக்கிறது, ஒன்றும் வாங்க வேண்டாம் என்று லண்டனில் பெரியவர்கள் சொன்னார்கள். அம்மையார் அதை நம்பாமல் வழியில் மார்சேல்ஸ் துறைமுகத்தில் சரக்கு வாங்கி ஏற்றிக்கொண்டார். போய்ப் பார்த்தால் தட்டு இல்லை, துவாலை இல்லை, சவுக்காரம் இல்லை. ஆனால் காகிதத்தில் எல்லாம் இருப்பு! அரசாங்கம் அனுப்பிய 27,000 சட்டைகள் வந்து இறங்கியும், குழு கூடிப் பார்த்த பிறகே கட்டுப் பிரிக்கலாம் என்று கிடங்கு அதிகாரி பூட்டி வைத்தார்; நோயாளிகள் மேலில் துணியில்லாமல் கிடந்தார்கள். அம்மையார், பத்திரிகை வாசகர்கள் திரட்டிய நிதியையும் தம் கைப்பணத்தையும் கொண்டு இஸ்தான்புல் கடைத்தெருவில் வேண்டியதை வாங்கினார். எது வந்தது, யாருக்குக் கொடுத்தது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அண்டா வைத்து, சிப்பாய்களின் மனைவிமாரைக் கூலிக்கு அமர்த்தித் துணி வெளுக்கச் செய்தார். அவர் ராத்திரியில் எடுத்துச் சென்ற விளக்கும் துருக்கி நாட்டில் கிடைக்கும் மடக்குக் கூண்டு விளக்குத்தான். படத்தில் வரைகிற எண்ணெய் விளக்கு அல்ல.

இன்னொன்றைச் சொல்லாமல் விட நமக்கு முடியாது. சிப்பாய்களிடம் காசு இருந்தால் குடித்துத்தான் அழிப்பார்கள் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்ப வழியிருந்தால் அனுப்புவான் என்றார் அம்மையார். வாரத்தில் ஒரு நாள் தாமே உட்கார்ந்து பணம் வாங்கி, ஊரிலிருக்கும் மாமாவுக்கு அனுப்பி, அவர் மூலம் அந்தந்தக் குடும்பத்திற்குச் சேர்த்தார். பிறகு அரசாங்கமே மணியார்டர் ஆபீஸ் திறந்தது. ஆறு மாதத்திற்குள் 71,000 பவுன் ஊருக்குப் போயிற்று. கடல் தாண்டி வந்து, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு மீதியில் சாப்பிட்ட பரம்பரை நாம். இந்த அம்மையாரின் மனசு நமக்குப் புரியும்.

அவர் போன உடனே சாவு நின்றுவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1855 பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். கொட்டடிக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சு மாதம் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவி, தண்ணீரையும் காற்றையும் சீர் செய்த பிறகுதான், ஜூன் மாதம் அது நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. ஊர் திரும்பிய பின் கணக்குப் போட்டுப் பார்த்து, குண்டடியால் இறந்தவர்களைவிட அசுத்தத்தால் வந்த நோயில் இறந்தவர்களே அதிகம் என்று வண்ணப் படம் வரைந்து ராஜாங்கத்தின் முன் வைத்தவர் அம்மையாரேதான். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் முதல் பெண் அங்கத்தினராக அவரைச் சேர்த்துக்கொண்டது.

துருக்கி சுல்தான் அப்துல் மஜீது அவருக்கு வைரம் பதித்த காப்பு அனுப்பினார். விக்டோரியா ராணியும் நகை அனுப்பினார். அம்மையாரோ 1856-ல் பெயரை மாற்றிக்கொண்டு, வரவேற்பு ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். (அதே யுத்தத்தில், ஜமைக்கா தேசத்து மேரி சீக்கோல் என்ற மாது, தாதியாகச் சேர்க்க மறுத்ததால் சொந்தச் செலவில் போய், போர்க்களத்துக்குப் பக்கத்தில் கடையும் சாப்பாட்டுவிடுதியும் வைத்து, காயம்பட்டவர்களையும் பார்த்தார். திடீரென்று சமாதானமாகிவிடச் சரக்கெல்லாம் தேங்கி, கடை திவாலாயிற்று. அவரையும் நம்மவர் அறிந்திருக்க வேண்டும்.)

கிரிமியாவில் பிடித்த காய்ச்சல் அம்மையாரை விடவில்லை. முப்பத்தேழு வயதிலிருந்து பல வருஷங்கள் படுக்கையும் சாய்வு நாற்காலியுமாகவே இருந்தார். படுத்தபடியே வேலை நடந்தது. பொது ஜனங்கள் கொடுத்த நிதியைக் கொண்டு 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 15 மாணவிகளோடு தாதியர் பள்ளி தொடங்கியது. அங்கே படித்தவர்கள் சிட்னி வரைக்கும் போய் ஆஸ்பத்திரிகளை நடத்தினார்கள். இந்தியாவுக்கு ஒரு முறைகூடப் போகாமலே, அங்கிருந்து அறிக்கைகளை வரவழைத்து, பட்டாளத்தின் சுகாதாரத்தையும் கிராமங்களின் குடிநீரையும் பற்றி எழுதிக் குவித்தார். 1876-ல் சென்னை ராஜதானியில் பெரும்பஞ்சம் வந்தபோது, வாய்க்கால் வெட்டாமல் ஜனங்களைச் சாக விடுகிறீர்களே என்று வாதாடினார். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் துரை அந்த விஷயத்தில் அவருக்குத் துணை.

எந்தக் குடும்பம் தடுத்ததோ அந்தக் குடும்பத்திற்கே பின்னால் தாதியானார். 1874-ல் தகப்பனார் இறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் உயிலின்படி சொத்து அத்தை வழிக்குப் போயிற்று. தாயார் வாழ்ந்த வீட்டை விட வேண்டி வந்தது. அப்பொழுது தாயாருக்குக் கண் மங்கி, ஞாபகமும் தவறியிருந்தது. தாமே நோயாளியான அம்மையார், ராஜாங்கக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு, வருஷத்தில் பல மாதம் தாயாரைக் கூட வைத்துக் கவனித்தார். பக்கத்துக் கிராமத்து ஏழைகளுக்கு வைத்தியர் செலவையும் அங்கிருந்தபடியே கொடுத்து வந்தார். 1880-ல் தாயார் தொண்ணூறு வயது தாண்டி இறந்தார். பிறகு அக்காள் கைகால் வாதத்தில் படுத்தார். அவரிடமும் போய் இருந்தார். அந்த அக்காள் 1890-ல், தங்கையின் எழுபதாவது பிறந்த நாள் அன்றே கண் மூடினார்.

கடைசி வருஷங்களில் அம்மையாருக்குப் பார்வை போய்விட்டது. 1907-ல் அரசர் மிக உயர்ந்த விருது ஒன்றை முதன்முறையாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தபோது, அது வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. 1910 ஆகஸ்டு 13-ம் தேதி லண்டனில் தம் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. முற்காலத்தில் ராஜாக்களை அடக்கிய வெஸ்ட்மின்ஸ்டர் மாதா கோயிலில் அடக்கலாம் என்று அரசாங்கம் சொன்னதை, அவர் விருப்பப்படி குடும்பத்தார் மறுத்தார்கள். ஆறு பட்டாளச் சார்ஜென்ட்டுகள் பெட்டியைத் தூக்கிச் சென்று, கிராமத்தில் தாய் தகப்பனார் பக்கத்தில் அடக்கினார்கள். கல்லில் பெயரின் முதல் இரண்டு எழுத்தும், பிறந்த வருஷமும், இறந்த வருஷமும் மட்டும் வெட்டியிருக்கிறது.