தரவுத்தளத் தந்தை எட்கர் கொட்

புதியனவற்றைக் கண்டு உலகுக்கு அளிக்கும் அறிஞர் ஒருசாரார். உள்ளனவற்றை ஒழுங்குபடுத்தி அவை பயன்தரும் வழியைக் காட்டும் அறிஞர் மற்றொரு சாரார். பின்னவருள் முன்வைத்து எண்ணத் தக்கவர் எட்கர் கொட் என்னும் பெரியார். இந்நாளில் வங்கியிற் பணம் பெறுவோரும், பரீட்சைப் பெறுபேற்றைக் கணினியிற் பார்ப்போரும் அறிந்தோ அறியாமலோ அவருக்குக் கடமைப்பட்டவர்களே. பல்கலைக்கழகம் புகுந்து கணினி விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர், தொடர்புநிலைத் தரவுத்தளம் என்னும் பாடத்தைக் கற்கின்றனர். அப்பாடத்தின் பின்னே நிற்கும் மனிதரையும் அவர்கள் அறிதல் நன்று எனக் கருதி இதனை வரைகின்றோம்.

கொட் 1923 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 19 ஆந் திகதி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போட்லந்துத் தீவிற் பிறந்தார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் எக்செற்றர் கல்லூரியிற் கணிதமும் இரசாயனமும் பயின்றார். இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானிய வான்படையில் விமானியாகப் பணிபுரிந்தார். 1948 இல் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். கம்பனியிற் சேர்ந்து, கணினிக்குக் கணித நிரல்கள் எழுதும் தொழிலை மேற்கொண்டார். செனற்றர் மக்கார்த்தி என்பார் பொதுவுடைமையாளரைத் தேடித் துன்புறுத்திய காலத்தில், அச்செயலை வெறுத்து 1953 இற் கனடாவின் ஒட்டாவா நகருக்குப் பெயர்ந்தார். சில ஆண்டுகளின் பின் மீண்டு வந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1965 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். கல்விக்கு வயது தடையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அக்காலத்துக் கணினிகளில் தரவுகள் மரத்தின் கிளைகள் போலவோ, வலையின் கண்ணிகள் போலவோ பிணைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு செய்தியை எடுக்க விரும்புவோன், அது எக்கிளையில் உள்ளது, எவ்வழியாற் சென்று அதனை அடைவது என்பவற்றை எல்லாம் அறிந்திருத்தல் வேண்டும். வைப்புமுறை மாறினால் நிரல்களையும் மாற்றி எழுத நேர்ந்தது. பொருளைக் கேட்பவன் அது வைக்கப்பட்ட இடத்தை அறிய வேண்டியதில்லை என்பதே கொட் கொண்ட துணிபு. தரவுகள் அனைத்தையும் நிரையும் நிரலும் கொண்ட எளிய அட்டவணைகளாக அமைக்கலாம் என 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர் நிறுவினார். கணிதத்திலே தொடைகளைக் கற்கும்போது நாம் தொடர்பு என வழங்குவதே அந்த அட்டவணைக்கு அடிப்படை. அட்டவணைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தலால் இப்பெயர் வந்தது எனப் பலர் எண்ணுவது பொருந்தாது.

அவர் வகுத்த இயல்பாக்கல் என்னும் நெறியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். மாணவனின் பெயர், முகவரி, அவன் கற்கும் பாடம், அப்பாடத்தின் ஆசிரியர் ஆகிய யாவற்றையும் ஒரே இடாப்பில் எழுதுவதாகக் கொள்வோம். நான்கு பாடங்கள் கற்கும் மாணவனின் முகவரி நான்கு முறை எழுதப்படும். அவன் வீடு மாறியபோது மூன்றிடத்தில் திருத்தி ஓரிடத்தை மறந்தால், எது மெய், எது பொய் எனத் துணிய இயலாது. ஒரு பாடத்தின் கடைசி மாணவன் நீங்கினால், ஆசிரியரின் பெயரும் அவனோடு அழிந்துபோகும். ஆதலின் மாணவருக்கு ஓர் அட்டவணை, பாடங்களுக்கு ஓர் அட்டவணை, எவர் எப்பாடம் கற்கின்றார் என்பதற்கு மூன்றாவது அட்டவணை என வகுத்தல் வேண்டும். மாணவன் ஒவ்வொருவனுக்கும் உரிய சுட்டெண் முதன்மைச் சாவி. அதுவே மூன்றாம் அட்டவணையில் நின்று முதலாவதைச் சுட்டும்போது அந்நியச் சாவி. ஓர் உண்மை ஓரிடத்தில் மட்டும் எழுதப்படும். வேண்டுமிடத்து அது சுட்டப்படும். பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் பரீட்சைச் சான்றிதழில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டு அல்லலுற்றோர், இந்நெறியின் அருமையை நன்கு உணர்வர்.

இத்துணைச் சிறந்த கருத்தை அவருடைய கம்பனியே உடன் ஏற்கவில்லை. பழைய முறையிலமைந்த ஐ.எம்.எஸ். என்னும் தொகுதி அதற்கு நல்ல வருவாய் ஈட்டித் தந்தது. புதிய முறை மிக மெதுவாகவே இயங்கும் என ஐயுற்றோரும் பலர். கொட் தளர்ந்தாரல்லர். 1974 இல், வலையமைப்பு முறையின் தலைவரும் ரூறிங் பரிசு பெற்றவருமான சாள்ஸ் பாக்மனோடு அறிஞர் அவையில் வாதிட்டார். அக்காலத்தில் சான் ஓசே நகரில் ஐ.பி.எம். ஆய்வாளரும், பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தாரும் அவர் கருத்தைச் செயலில் அமைக்க முயன்று வெற்றி கண்டனர். இன்று மாணவர் கற்கும் எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி அந்த ஐ.பி.எம். ஆய்வில் தோன்றியதே. எனினும், பிறர் முந்திக்கொண்டு 1979 இல் ஒரக்கிள் என்னும் தொகுதியை விற்கத் தொடங்கினர். ஐ.பி.எம். 1981 இலேதான் தன் முதல் எஸ்.கியூ.எல். தொகுதியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டிலேயே கொட் ரூறிங் பரிசு பெற்றார்.

புகழ் வந்த பின்னரும் அவர் தம் கொள்கையை நெகிழவிட்டாரல்லர். பழைய சரக்குக்குப் புதுப் பெயரிட்டு விற்போர் பெருகியதைக் கண்டு, எது உண்மையான தொடர்புநிலைத் தொகுதி என அளந்தறிதற்கு 1985 இற் பன்னிரு விதிகள் என வழங்கும் விதிகளை வெளியிட்டார். தம் கருத்தினின்றே பிறந்த எஸ்.கியூ.எல். மொழியிலும் குறை கண்டவிடத்து அதனை எடுத்துரைக்க அவர் தயங்கவில்லை. 2003 ஆம் ஆண்டு ஏப்பிரில் 18 ஆந் திகதி, தமது 79 ஆவது வயதிற் புளோரிடாவில் அவர் இயற்கை எய்தினார்.

தரவுத்தளம் கற்கும் மாணவர் விதிகளை நெட்டுருப் பண்ணிப் பரீட்சையிற் சித்தியடைதலோடு அமையலாகாது. அட்டவணை ஒன்றை வரையுமுன், இவ்வுண்மை வேறெங்கேனும் எழுதப்பட்டுள்ளதா எனத் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கப் பழகியவன் கணினியில் மட்டுமன்றிக் காரியாலயத்திலும் இல்லத்திலும் ஒழுங்குடையவனாவான். ஏட்டில் உள்ளது மெய்யாக இருத்தல் வேண்டும் என்று ஓயாது உழைத்த அப்பெரியாரின் வாழ்வு, நம் மாணவருக்கு வழிகாட்டியாக விளங்குக.