டெம்லோ எண் கண்ட காப்ரேக்கர்

நம் காலனி அன்பர்களுள் பலர் நாள்தோறும் புறநகர் வண்டியில் கடந்து செல்லும் நிலையம் டோம்பிவிலி. ஜி. ஐ. பி. ரயில்வேயின் காலத்தில் அதற்கு டெம்லோ என்ற பெயர் வழங்கிற்று. கணித நூல்களில் அப்பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணர், தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேக்கர் என்னும் பள்ளி ஆசிரியர்.

அவர் 1905 ஜனவரி 17-ஆம் நாள் தஹாணுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தையார் ஒரு குமாஸ்தா, சோதிடப் பித்துடையவர். கணக்கிடுவதில் மகனுக்கு ஆசை மூட்டியவர் அவரே. பூனா பெர்கூசன் கல்லூரியில் பயின்ற காப்ரேக்கர், 1927-இல் ராங்க்ளர் பராஞ்ச்பே கணிதப் பரிசைப் பெற்றார், 1929-இல் பி. எஸ்ஸி. தேறினார். அதற்கு மேற்பட்ட பட்டம் எதுவும் அவருக்கில்லை. 1930 முதல் 1962 வரை நாசிக் அருகிலுள்ள தேவ்லாலியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

டெம்லோ நிலையத்தில் அவர் உள்ளத்தில் உதித்தது ஓர் எண் இனம். 2553 என்பதை நோக்குவோம். தலையிலுள்ள 2-ஐயும் கடையிலுள்ள 3-ஐயும் கூட்டினால் 5. நடுவே நிற்பனவும் ஐந்துகளே. இத்தகையனவே டெம்லோ எண்கள். இவ்வினத்தில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது 12345678987654321. ஒன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதி, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கினால் இது பிறக்கும். பேரேட்டில் கூட்டல் போட்டே தலை நரைத்த நாம், ஒரு மாலைப்பொழுது முழுதும் கையால் பெருக்கிப் பார்த்த பின்னரே நம்பினோம். முதன்முறை விடை தவறியது, குற்றம் எண்ணுடையதன்று.

நடுவிலுள்ள 9-ஐ விலக்கி, இடப்புறத்து 12345678-ஐயும் வலப்புறத்து 87654321-ஐயும் கூட்டினால் 99999999 வரும். எப்பக்கமிருந்து வாசித்தாலும் எண் மாறாது. அதன் பதினேழு இலக்கங்களின் கூட்டுத்தொகை 81. அந்த 81-ஆலேயே அது மீதியின்றி வகுபடும். 111111111 என்பது 9-ஆல் வகுபடுவதால் அதன் வர்க்கம் 81-ஆல் வகுபட்டே தீரும். தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு, மகிழ்வளிப்பது என்னும் பொருள்பட, ஹர்ஷத் என்று பெயரிட்டவரும் காப்ரேக்கரே. ஆக, அவர் வகுத்த இரண்டு குலங்களிலும் இவ்வெண்ணுக்கு இடமுண்டு.

கற்றறிந்த கணிதர் பலர் இவற்றை வெறும் விளையாட்டு என்று நகைத்தனர். காப்ரேக்கர் தளரவில்லை. 1949-இல் சென்னைக் கணித மாநாட்டில் 6174 என்ற எண்ணின் விந்தையை அறிவித்தார். எல்லா இலக்கங்களும் ஒன்றாயிராத நான்கிலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அமைத்துக் கழித்துக்கொண்டே சென்றால், ஏழு முறைக்குள் 6174-ஐ அடைந்து அங்கேயே நின்றுவிடும்.

1962-இல் ஓய்வு பெற்றார். 1966-இல் மனைவியார் மறைந்தார். தனிப்பாடம் சொல்லி ஊதியம் தேட வேண்டிய நிலை அவருக்கு இருந்தது. 1975-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பகுதியில் அவரைப் பற்றி எழுதவே, புகழ் கடல் கடந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1986-இல் காலமானார். டெம்லோவைப் போலவே தேவ்லாலியின் பெயரையும் அவர் ஓர் எண் இனத்துக்குச் சூட்டியிருந்தார்.