தஞ்சைச் சுவார்ட்ஸ் ஐயர்

தம்மிடம் மிகுந்ததை எடுத்து ஈவார் உலகிற் பலர். தமக்கென ஒரு சிறு பங்கை மட்டும் நிறுத்திக்கொண்டு, ஏனையவற்றை வந்த கையோடு பிறர்க்கென்று ஒதுக்கி வாழ்வாரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், நம் நாட்டிற் பிறவாராயினும் நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் உழைத்து, தஞ்சை மண்ணிலே அடங்கிய கிறிஸ்தியான் பிரெட்ரிக் சுவார்ட்ஸ் ஐயர். அவர் பெயரைக் கேளாத மிஷன் கல்லூரி மாணவர் இரார். பெயரை அறிந்த அளவு அவர் வரலாற்றையும் நாம் அறிந்திருக்கின்றோமா என்பதே ஐயம்.

அவர் 1726-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரஷ்ய நாட்டைச் சார்ந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். இறக்குந் தறுவாயில் அவ்வம்மை தம் கணவரையும் சபைக் குருவையும் அழைத்து, இப்பிள்ளையைக் கடவுளுக்கென்று ஒப்புக்கொடுத்திருப்பதாகக் கூறிச் சென்றனர். தாய் கொடுத்த கொடையே அவர் வாழ்க்கையின் முதற்கொடை எனலாம். பின்னர் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்திற் பயிலும் நாளில், சென்னையில் நெடுங்காலம் ஊழியஞ் செய்து மீண்ட சூல்ட்சே ஐயரை அவர் அடுத்தார். தமிழ் வேதாகமத்தை ஆங்கு அச்சிடும் எண்ணம் அப்பெரியார்க்கு இருந்தது. அதற்குத் துணை புரியும்பொருட்டு இளைஞராகிய சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சு வேலை கைகூடவில்லை. கற்ற தமிழ் வீண்போகவுமில்லை. அத்தமிழே அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது. புறப்படுமுன் தந்தை வழிச் சொத்தில் தமக்குரிய பாகத்தை உடன்பிறந்தார்க்கு விட்டுக்கொடுத்தார். 1749-ல் கோப்பன்ஹேகன் நகரத்தில் குருப்பட்டம் பெற்று, 1750-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் கடலூரிற் கரையிறங்கித் தரங்கம்பாடியை அடைந்தார்.

கரையிறங்கிய நான்கு திங்களில் சீகன்பால்கு ஐயர் கட்டுவித்த ஆலயத்தில் நின்று தமிழிற் பிரசங்கித்தார் என்பர். இதைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. தமிழோடு அவர் உழைப்பு ஓய்ந்ததில்லை. நம்மவர் சமய நூல்களை வாசித்தாலன்றி நம்மவர் உள்ளம் விளங்காது என்று கண்டு அவற்றையும் ஆண்டுக்கணக்கிற் கற்றார். நவாபின் அவையினரோடு பேச வேண்டிப் பாரசீகமும், முகம்மதியரோடு பழக வேண்டி இந்துஸ்தானியும், தஞ்சை அரசர் தாய்மொழியாதலால் மராத்தியும், போர்வீரர்க்கு ஊழியஞ் செய்ய ஆங்கிலமும், இந்தோ-போர்த்துக்கீசியர்க்காகப் போர்த்துக்கீசிய மொழியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றார். ஒவ்வொரு மொழியையும் யாரோ ஒரு கூட்டத்தார்பொருட்டே அவர் கற்றார் என்பது கருதத்தக்கது. பரீட்சைக்கென்று ஒரு மொழியைப் பயின்று, பரீட்சை முடிந்தவுடன் அதனை மறந்துவிடும் நமக்கு இது சற்று நாணந் தருவதே.

1762-ல் அவர் திருச்சிராப்பள்ளிக்குக் கால்நடையாகச் சென்றார். அங்கே பழைய கட்டடமொன்றில் ஓர் அறையைப் படைத்தலைவர் அவர்க்கு விட்டுக்கொடுத்தார். அவ்வறை அவர் படுக்கையையும் அவரையும் கொள்ளும் அளவினதே. சோறும் அவித்த காய்கறியுமே உணவு. கருஞ்சாயம் ஏற்றிய பருத்தித் துணியே உடை. இவ்வளவிற்கும் ஆண்டு முழுதும் ஆன செலவு சொற்பமே. பின்னர்க் கும்பினியார், கோட்டைப் படைக்குக் குருவாயிருந்ததற்காக ஆண்டொன்றுக்கு நூறு பவுன் ஊதியம் அவர் கேளாமலே அளித்தனர். அதில் பெரும்பகுதி சபைக்கும் பள்ளிக்குமே போயிற்று. அவர் அறை அதனாற் பெரிதாகவில்லை. 1766-ல் திருச்சிக் கோட்டையில் கிறிஸ்துநாதர் ஆலயம் எழுந்தது. 1778-ல் தஞ்சையே அவர் நிலையான இருப்பிடமாயிற்று.

அதற்கு மறு ஆண்டு நிகழ்ந்ததே அவர் வாழ்க்கையில் யாவரும் அறிந்த நிகழ்ச்சி. மைசூர் ஹைதர் அலியின் உள்ளக் கிடக்கையை அறிய விரும்பிய சென்னைக் கவர்னர் ரம்போல்டு, கும்பினி உத்தியோகஸ்தரை விடுத்து, இவரைத் தூது சென்றுவர வேண்டினார். சமாதானத்தின்பொருட்டு என்ற அளவில் ஐயர் உடன்பட்டார். பரிசில் எதையும் தொடுவதில்லை என்று தமக்குள் வரைந்துகொண்டார். சீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை மரியாதையுடன் வரவேற்று, திரும்புங்கால் வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாய் கொண்ட பையொன்றை அனுப்பினான். மறுத்தால் அவமதிப்பாகும் என்று பெற்றுக்கொண்டவர், சென்னை சேர்ந்தவுடன் அதனை அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். அவர்களோ அவரே வைத்துக்கொள்ளலாம் என்று திருப்பிவிட்டனர். அப்படியாயின் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகள் ஆங்கிலங் கற்கும் பள்ளிக்கு இதுவே முதல் நிதியாகுக என்றார். தூது சென்றதற்குக் கும்பினியார் கொடுக்க முன்வந்த வெகுமதியையும் ஏற்றிலர். அதற்கு மாறாக, தஞ்சையில் தாம் கட்டிவந்த கோவிலுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் வேண்டுமென்றும், தம் உடனூழியர் போலே ஐயர்க்கும் ஊதியம் அளிக்க வேண்டுமென்றும் கேட்டனர்.

தூது பயன்படவில்லை, 1780-ல் ஹைதரின் சேனை கருநாடகத்தினுள் வெள்ளம்போற் புகுந்தது. இதனைக் கொண்டு அவர் முயற்சியைத் தோல்வி என்பார் என்க. அப்போரிலேதான் முன் ஈந்ததன் பயன் வெளிப்பட்டது. போர் வரும் என்று உணர்ந்த ஐயர், விலை மலிந்திருந்த காலத்தில் பன்னீராயிரங் கலம் நெல் வாங்கி வைத்திருந்தார். வயல்கள் வீட்டு மனைகளாய் மாறிவிட்ட எங்கள் வேப்பம்பட்டுப் பக்கத்தில், கலமும் மரக்காலும் இன்று முதியோர் நாவில் மட்டுமே வழங்குவன. ஆதலின் பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம் என்பதை இளைஞர்க்கு நினைவூட்டுகிறேன். பஞ்சத்தில் வீதிதோறும் மக்கள் மடிந்து கிடந்தபோது அந்நெல் கஞ்சியாகிப் பல உயிர்களைத் தாங்கிற்று.

அதனினும் பெரிதொன்று உண்டு. தஞ்சைக் கோட்டையில் படைக்கும் குடிகட்கும் தானியமில்லை. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கொணரக் காளைகளும் இருந்தன. குடியானவரோ வரமாட்டார். முன்னர்ப் பலமுறை விலை தருவதாகச் சொல்லித் தாராது விட்ட அரண்மனையாரை அவர்கள் நம்பவில்லை. அரசர் ஆணையும் கும்பினியார் வாக்கும் ஒருங்கே செல்லாதொழிந்த அவ்வேளையில், விலைக்குத் தாம் பொறுப்பென்று சுவார்ட்ஸ் ஐயர் ஓலை விடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட காளைகள் வந்தன. எண்பதினாயிரங் கலம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவர்க்கும் உரிய பணத்தை அவர் தம் கையாலேயே எண்ணிக் கொடுத்தார். பின்னொருகால் அதிகாரிகளின் கொடுமைக்கஞ்சி ஊரைவிட்டோடிய உழவரும், அரசன் அழைத்து வாராது, இவர் அழைத்தவுடன் ஒரே நாளில் ஏழாயிரவர் திரும்பித் தம் நிலங்களை உழத் தொடங்கினர். செல்வமும் படையும் செய்யமாட்டாத இதனை, நூறு பவுனில் பெரும்பகுதியை ஈந்துவிட்டுச் சிற்றறையில் வாழ்ந்த ஒருவர் செய்தார்.

கும்பினியார்க்கும் நாட்டரசர்க்கும் நடுவில் நின்ற அவர் நிலையை இக்காலத்து வரலாற்றாசிரியர் சிலர் குறைகூறுவர். அக்குறையில் உண்மை சிறிதுமில்லை என்று வாதிக்க நான் முற்படேன். அந்நிலையால் அவர் தமக்கென ஊதியந் தேடினார் என்று மட்டும் எவரும் கூறார்.

தஞ்சையரசர் துளஜா 1787-ல் இறக்குந் தறுவாயில், தாம் சுவீகாரங்கொண்ட சிறுவன் சரபோஜியை ஐயர் கையில் ஒப்புவிக்க விழைந்தார். அவர் அப்பொறுப்பைத் தாமே ஏற்காது அரசரின் தம்பி அமர்சிங்கைக் காட்டினார். அமர்சிங்கோ அரியணையைத் தனதாக்கிக்கொண்டு சிறுவனை இருட்டறையில் அடைத்து வைத்தான். அதன்பின் ஆண்டுகள் பல, கடிதத்தின்மேற் கடிதம் எழுதியும், நேரிற் சென்று வாதாடியும், அச்சிறுவனுக்குக் காற்றும் வெளிச்சமும் கல்வியும் கிடைக்கச் செய்தவர் முதுமையடைந்த சுவார்ட்ஸ் ஐயரே. 1793-ல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். திருநெல்வேலிச் சீமையினின்று ஐயர் அழைத்து வந்து கற்பித்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் வேதநாயகமும் பிற்காலத்தில் சுவிசேஷகவிராயராய் விளங்கினார். ஒருவர் பட்டத்துக்குரியவர், ஒருவர் புலவர் மகன். இருவர்க்கும் ஐயர் தந்தைபோல இருந்தார்.

ஐயர் மணம்புரிந்திலர். தம்மிடம் எஞ்சியிருந்த பொருளை மிஷன் ஊழியத்துக்கே எழுதிவைத்து, 1798-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி, எழுபத்தோராம் வயதில் தஞ்சையில் உயிர் நீத்தார். பாடையின் அருகே சரபோஜி நின்று தேம்பியழுதார். அரச குலத்தார் பிண ஊர்வலத்திற் செல்லாத வழக்கத்தையும் மீறி அடக்கத்துக்கு உடன் வந்தார். அவ்வாண்டிலேயே அவர்க்கு அரசுரிமை கிடைத்தது.

சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, தம் முன்னோர் சமயத்திலேயே இறுதிவரை நின்றார். இதனைச் சுட்டி, ஐயர் உழைப்பு வீணாயிற்றென வருந்துவோரும் உண்டு. எனக்கோ நன்றியின் தூய்மை இங்கேதான் விளங்குகின்றது. கடமையென எவரும் கேளாத இடத்தில் அவ்வரசர் 1801-ல் இலண்டனுக்கு எழுதி, தம் செலவில் பளிங்குச் சிலையொன்று செய்விக்க வேண்டினார். பிளாக்ஸ்மன் என்னும் பேர்பெற்ற சிற்பி அதனைச் செதுக்கினார். தஞ்சைச் சிறிய கோட்டைக்குள் சிவகங்கைப் பூங்காவின் அருகே, அச்செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்த ஆலயத்தில் அது இன்றும் உள்ளது. மரணப் படுக்கையிற் கிடக்கும் கிழவர். அவர் கையைப் பற்றி நிற்கும் அரசர். பின்னே உடனூழியர் கெரிக்கே ஐயர். அருகே பள்ளிச் சிறுவர். ஐயரின் உடல் அடங்கிய தூய பேதுரு ஆலயத்துக் கல்லிலோ, அரசர் தாமே ஆங்கிலத்தில் யாத்த அடிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் தந்தையை இழந்த மகனின் குரலே கேட்கின்றது.