கோயில் இல்லாத மக்களைத் தேடி வந்த குரு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு. இன்று எந்தக் கோயிலுக்குப் பூசைக்குப் போகலாம்? ஓரிடத்தில் பாடல் இனிமையாக இருக்கும். இன்னோரிடத்தில் அமைதி இருக்கும். கள்ளிக்குப்பத்தில் வாழும் நமக்குப் பஸ் ஏறினால் பல கோயில்கள் உண்டு. பக்தியோடு பூசை காண ஏற்ற இடத்தைத் தேடுவது நல்லதே. ஆனால் தேடுவதற்கு ஒரு கோயில்கூட இல்லாத மக்களும் இருந்தார்கள். அவர்களைத் தேடிச் சென்றவரே புனித யோசேப் வாஸ் அடிகளார்.

இவர் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவா நாட்டில் பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கையின் கடற்கரைப் பகுதிகள் டச்சுக்காரர் கையில் இருந்தன. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அவர்கள், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். கோயில்களைத் தமதாக்கிக் கொண்டனர். குருக்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்றும் ஆணையிட்டனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அம்மக்களுக்குப் பூசையும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை.

இதைக் கேள்வியுற்ற அடிகளார் மனம் பதைத்தார். 1687-இல் ஏழைக் கூலியாளைப் போல் வேடம் பூண்டு, ஜான் என்னும் இளைஞரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறினார். யாழ்ப்பாணம் சேர்ந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பால் வருந்தினார். குணமானதும் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டபடி வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். எதற்காக? அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மலர்கிறதோ, அவர்களே தம் மக்கள் என்று அறிவதற்காகத்தான்! இப்படித்தான் அந்த ஆயன் தம் மந்தையைக் கண்டுபிடித்தார்.

சில்லாலை என்னும் சிற்றூர் அவருக்கு அடைக்கலம் தந்தது. மக்கள் இரவு நேரத்தில் ஒளிந்து கூடினர். அங்கே கோபுரமும் இல்லை, மணியோசையும் இல்லை. ஆயினும் உயிரைப் பணயம் வைத்து முழந்தாளிட்ட அவர்களுடைய பக்திக்கு எந்தப் பேராலயம் ஈடாகும்? 1689-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் டச்சு வீரர்கள் புகுந்து பலரைப் பிடித்துக் கொடிய தண்டனை கொடுத்தனர். அடிகளார் அவர்கள் கையில் சிக்கவில்லை.

1692-இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையிலிட்டார்கள். அங்கும் ஒரு சிறு குடிசையைக் கோயிலாக்கினார். சிங்கள மொழியும் கற்றார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவி, உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ மத வேறுபாடு பாராமல் அவர்களைப் பேணினார். இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார்.

தாயகம் திரும்பாமலே 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியில் உயிர் நீத்தார். 2015-இல் கொழும்பு நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்புத் தோழியரே! அடுத்த ஞாயிறு பூசை நீளமென்றும் புழுக்கமென்றும் முணுமுணுக்கும் முன், அந்த இருட்டறைப் பூசையை நாம் நினைத்துக்கொள்வோம். பக்தியான கோயிலைத் தேடும் நாம், முதலில் பக்தியான உள்ளத்தோடு கோயிலுக்குள் நுழைவோமாக!