ரேடியோவில் அவர், சினிமாவில் வேறொருவர்! - குரலால் மிரட்டிய ஆக்னஸ் மூர்ஹெட்டின் கதை

லேண்ட்லைன் போன் காலத்து ஆளா நீங்க? அப்படின்னா 'கிராஸ் டாக்' தெரிஞ்சிருக்கும். நாம யாருக்கோ டயல் செய்வோம். நடுவுல முன்பின் தெரியாத ரெண்டு பேர் பேசுறது காதுல விழும். சிரிச்சுட்டு போனை வெச்சிடுவோம். ஆனா, அந்த ரெண்டு பேரும் இன்னிக்கு ராத்திரி ஒரு பெண்ணைக் கொல்றதைப் பத்திப் பேசிட்டு இருந்தா?

1943-ம் ஆண்டு மே 25 அன்று, அமெரிக்காவின் சி.பி.எஸ் வானொலியில் 'சஸ்பென்ஸ்' நிகழ்ச்சியில் ஒலிபரப்பான 'சாரி, ராங் நம்பர்' நாடகத்தின் ஆரம்பமே இதுதான். எழுதியவர் லூசில் ஃபிளெட்சர். உடம்புக்கு முடியாமல் படுக்கையில் இருக்கும் ஒரு பெண், வீட்டில் தனியாக இருக்கிறாள். கையில் போன் மட்டும்தான். ஆபரேட்டரைக் கூப்பிடுகிறாள், போலீஸைக் கூப்பிடுகிறாள். யாரும் அவள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாகப்போகிறவள் தான்தான் என்று அவளுக்குப் புரியும்போது, எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

அரை மணி நேர நாடகத்தை ஏறக்குறைய ஒற்றைக் குரல்தான் தாங்கி நிற்கும். எரிச்சலில் ஆரம்பித்து, அதிகாரமாகி, சந்தேகமாகி, கடைசியில் அலறலாக முடியும் குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், ஆக்னஸ் மூர்ஹெட்.

டீச்சர் டு ரேடியோ

1900 டிசம்பர் 6 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளின்டனில் பிறந்தவர் ஆக்னஸ். அப்பா கிறிஸ்தவ போதகர். கல்லூரியில் படித்தது உயிரியல். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியை வேலையும் பார்த்தார். மனசு முழுக்க நடிப்பு. நியூயார்க் போய் நாடகப் பள்ளியில் சேர்ந்து, 1929-ல் படிப்பை முடித்தார். அந்த வருடம்தான் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்து வந்த பெருமந்தத்தில் நாடக வாய்ப்புகள் சுருங்கிப்போயின.

அப்போது கைகொடுத்தது ரேடியோ. அன்றைய வானொலி நாடகங்கள் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. ரீடேக் கிடையாது. ஒரே வாரத்தில் பாட்டியாகவும், பணக்காரியாகவும், கோபக்காரியாகவும் மாற வேண்டியிருக்கும். இதெல்லாம் ஆக்னஸுக்குத் தண்ணீர்பட்ட பாடு. 1937-ல் 'தி ஷேடோ' தொடரில், ஆர்சன் வெல்ஸுக்கு ஜோடிக் குரலாக மார்கோ லேன் வேடத்தில் நடித்தார்.

சினிமாவுக்கு அவரை அழைத்துப்போனதும் அதே வெல்ஸ்தான். 1941-ல் வெளியான 'சிட்டிசன் கேன்' படத்தில் நாயகனின் அம்மா. சில நிமிடங்களே வந்துபோகும் வேடம். ஆக்னஸுக்கு அப்போது வயது 40. அடுத்த ஆண்டு 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்துக்காக முதல் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. ஆனாலும், ஹாலிவுட் அவரைக் கதாநாயகியாகப் பார்க்கவில்லை. அம்மா, அத்தை, பொறாமைக்காரி என்றே வேடங்கள் வந்தன. நாயகி வேடத்தை முழுசாக அவர் கையில் தந்தது ரேடியோதான்.

போஸ்டரில் வேறு முகம்

'சாரி, ராங் நம்பர்' முதல் ஒலிபரப்பின் கடைசி நொடிகளில் ஒரு சின்னக் குளறுபடி. ஒரு நடிகர் தன் இடத்தைத் தவறவிட்டதால், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று பலருக்கும் புரியவில்லை. மூன்றே மாதத்தில், ஆகஸ்ட்டில் மறுபடியும் நாடகம் போட்டார்கள். பிறகு 1944, 1945 என்று அது தொடர்ந்தது.

இவ்வளவு பேர் பெற்ற கதையை சினிமா விடுமா? 1948-ல் பாரமவுன்ட் நிறுவனம் படமாக்கியது. திரைக்கதையையும் லூசில் ஃபிளெட்சரே எழுதினார். ஆனா, நாயகியாக நடிச்சது ஆக்னஸ் இல்ல... பார்பரா ஸ்டான்விக்! அவர் அன்றைய பெரிய ஸ்டார். டிக்கெட் விற்க அந்த முகம் வேண்டியிருந்தது.

ஸ்டான்விக்கையும் குறைசொல்ல முடியாது. அற்புதமாக நடித்தார், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். 1950-ல் 'லக்ஸ் ரேடியோ தியேட்டர்' அந்தப் படத்தை வானொலி நாடகமாக்கியபோது, அதிலும் அவரே நடித்தார். ஆமாங்க, நம்ம வீட்டு பாத்ரூம்ல இருக்கிற அதே லக்ஸ் சோப் நடத்திய நிகழ்ச்சிதான். ஹிட் படங்களை, சினிமா நட்சத்திரங்களை வைத்தே ஒரு மணி நேர ரேடியோ நாடகமாகத் தருவார்கள். ரேடியோவில் பிறந்த கதை, சினிமாவுக்குப் போய், வேறொரு நாயகியோடு ரேடியோவுக்கே திரும்பி வந்தது.

ஆக்னஸின் இடத்தில் இன்னொருவர் இருந்திருந்தால், அந்த நாடகத்தின் பெயரைக்கூடக் கேட்க விரும்பியிருக்க மாட்டார். ஆனால், படம் வெளியான அதே 1948-ன் நவம்பரில், 'சஸ்பென்ஸ்' மைக் முன்னால் மீண்டும் அதே வேடத்தில் வந்து நின்றார் ஆக்னஸ். 1952-லும் 1957-லும் நடித்தார். ஒவ்வொரு முறையும் கையில் இருந்தது, பக்கங்கள் மடிந்து நைந்துபோன அந்தப் பழைய ஸ்கிரிப்ட்தான்.

அதே 1948-ல் வந்த 'ஜானி பெலிண்டா' அவருக்கு இன்னொரு ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது. மொத்தம் நான்கு முறை பரிந்துரை, ஒருமுறைகூட விருது கைக்கு வரவில்லை. 1961-ல் 'தி ட்வைலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடரின் ஓர் எபிசோடில், தனி வீட்டில் விண்வெளி மனிதர்களோடு போராடும் பெண்ணாக நடித்தார். குரலால் பேர் வாங்கியவருக்கு அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது! 1964 முதல் 1972 வரை ஓடிய 'பிவிட்ச்டு' தொடரில், மருமகனைப் பாடாய்ப்படுத்தும் சூனியக்கார மாமியார் என்டோரா. முகம் வீட்டுக்கு வீடு தெரிந்தது அப்போதுதான். வயது 60-ஐத் தாண்டியிருந்தது.

கடைசியாக ஒருமுறை

ரேடியோ நாடகங்களின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த 1974 ஜனவரியில், 'சி.பி.எஸ் ரேடியோ மிஸ்டரி தியேட்டர்' என்ற புதுத் தொடர் ஆரம்பமானது. அதன் முதல் நாடகத்தில் ஒலித்தது ஆக்னஸின் குரல். அடுத்த சில மாதங்களில், ஏப்ரல் 30 அன்று, புற்றுநோயால் அவர் காலமானார். வயது 73.

பிற்காலத்தில் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் 'சாரி, ராங் நம்பர்' நாடகத்தைச் சேர்த்தது. சேர்த்தது, 1943 மே 25-ன் ஒலிபரப்பை. ஆக்னஸ் நடித்தது.

இன்டர்நெட்டில் தேடினால் அந்த நாடகம் இன்றும் கிடைக்கும். ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, ஹெட்போன் மாட்டிட்டுக் கேட்டுப் பாருங்க. நடுவுல போன் அடிச்சா மட்டும், கொஞ்சம் யோசிச்சு எடுங்க!